டெல்டியாலஜி: அஞ்சலட்டை சேர்ப்பவரின் சொல்

பழைய அஞ்சலட்டை சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வருவது அரசு விற்ற அந்தப் பழுப்பு மஞ்சள் கார்டுதான். நலம், நலமறிய அவா என்று தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடித்த கார்டு. கல்யாணச் செய்தி என்றால் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். சேகரிப்பாளர் பெரும்பாலும் தேடுவது அதை அல்ல. ஒரு புறம் படம் அச்சிட்ட அட்டையை. அதைச் சேர்த்து ஆராய்வதற்கு உலகெங்கும் வழங்கும் பெயர் டெல்டியாலஜி. தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று பார்க்கும்முன், சொல் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆஷ்லாந்து ஊரைச் சேர்ந்த ராண்டல் ரோட்ஸ் என்ற பேராசிரியர் 1945 வாக்கில் இச்சொல்லை உருவாக்கினார் என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் வரலாறு. கிரேக்கத்தில் டெல்டோஸ் என்றால் எழுதுபலகை. டெல்டியோன் அதன் குறுமைச் சொல், அதாவது சின்னஞ்சிறு பலகை. டெல்டோஸுக்கு வேர் எபிரேயம், அரபு முதலிய செமித்திய மொழிகளில் கதவைக் குறிக்கும் சொல் என்பார்கள். இரண்டு மெழுகுப் பலகைகளைக் கீல் வைத்து இணைத்தால் இரட்டைக் கதவுபோலத் திறந்து மூடும் அல்லவா? அதே கதவிலிருந்து வந்ததுதான் டெல்டா என்ற எழுத்தின் பெயரும். அந்த எழுத்தின் முக்கோண வடிவால் ஆற்று முகத்துக்கு டெல்டா என்று பெயர் வந்தது. அந்த வகையில் நம் தஞ்சை டெல்டா டெல்டியாலஜிக்கு ஒன்றுவிட்ட உறவு!

கிரேக்கன் பலகையில் எழுதினான். நாம் ஓலையில் எழுதினோம். அரசன் அனுப்பினால் திருமுகம். மாதவி தாழை மடலில் எழுதிக் கோவலனுக்கு அனுப்பியது முடங்கல். ஓலையைச் சிறிதாக நறுக்கி நாலு வரி எழுதி அனுப்பினால் அது ஓலை நறுக்கு. டெல்டோஸ் ஓலை என்றால் டெல்டியோன் நறுக்கு. எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது. நறுக்கென்று நாலு வார்த்தை என்று இன்றும் சொல்கிறோம்; அஞ்சலட்டையின் இலக்கணமே அதுதான். ஆனாலும் நறுக்கியல் என்று சொன்னால் இன்று யாருக்கும் புரியாது. மனதுக்குப் பிடித்த சொல் எல்லாம் வழக்குக்கு ஏற்ற சொல் ஆகிவிடாது.

வழக்கில் இருப்பவற்றைப் பார்ப்போம். உலகின் முதல் அரசு அஞ்சலட்டையை ஆஸ்திரியா 1869 அக்டோபர் 1இல் வெளியிட்டது. இந்தியாவுக்கு அது 1879இல் வந்தது. விலை கால் அணா. நம் மக்கள் உடனே அதற்கு வைத்த பெயர் காலணா கார்டு. பிறகு தபால் கார்டு, போஸ்ட் கார்டு, வெறும் கார்டு. ஊருக்குப் போனதும் ஒரு கார்டு போடு என்று சொல்லாத வீடு இருந்ததா? அஞ்சல் என்ற சொல்லும் நேற்று உருவாக்கியது அன்று. திருவிதாங்கூர் அரசின் தபால் சேவை 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணையும்வரை அஞ்சல் என்ற பெயரிலேயே இயங்கியது. ஆகவே அஞ்சலட்டை தயங்காமல் ஏற்கத்தக்க சொல். படம் உள்ளதைப் பட அஞ்சலட்டை என்றால் குழப்பம் தீர்ந்தது.

இனி அந்த இயல். தபால்தலைக்குச் சேகரிப்பு என்கிறோம், நாணயத்துக்கு நாணயவியல் என்கிறோம். அஞ்சலட்டைக்கு எது? அட்டையின் முன்புறத்தை மட்டும் பார்த்து ரசிப்பவருக்குச் சேகரிப்பு போதும். பின்புறத்தை வாசிக்கத் தொடங்கியவர் செய்வது அஞ்சலட்டையியல் என்பது என் முடிவு.

பின்புறத்தில் அப்படி என்ன இருக்கிறது? தொடக்ககால அட்டைகளில் ஒரு புறம் முழுவதும் முகவரிக்கே; செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். பின்புறத்தைக் கோடிட்டுப் பிரித்துப் பாதியைச் செய்திக்கு விட 1902இல் பிரிட்டனும் 1907இல் அமெரிக்காவும் அனுமதித்தன. கோடு இருக்கிறதா என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபடும். அடுத்து, ஜெர்மனியில் அச்சிடப்பட்டது அல்லது (ஜெர்மனியின் ஒரு பகுதியான) சாக்சனியில் அச்சிடப்பட்டது என்ற சிறு வரி. முதல் உலகப் போருக்கு முன் அட்டை அச்சில் ஜெர்மானியரை மிஞ்ச ஆளில்லை. கொலோடைப் என்ற முறையில், கண்ணாடிப் பலகையில் பூசிய ஜெலட்டின் படலத்தின் மேல் ஒளியால் படத்தைப் பதித்து அச்சிடுவார்கள். புள்ளி தெரியாது, நிழல் மெல்ல மெல்லக் கரையும். கையில் ஓர் உருப்பெருக்கி இருந்தால் கொலோடைப்பின் சுருக்கம் விழுந்த மேற்பரப்பைப் பார்க்கலாம். பார்த்தவர் மறக்கமாட்டார். 1914இல் போர் மூண்டதும் அந்த அச்சகங்களின் ஏற்றுமதி நின்றது.

அடுத்தது வெளியிட்டவர் பெயர். சென்னையில் 1844 முதல் புத்தகம் விற்றுவந்த ஹிக்கின்பாதம்ஸ் நகரக் காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டது; வீலே அண்ட் க்ளைன் படப்பிடிப்பு நிலையமும் வெளியிட்டது. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் அட்டைகளைத் தவிர்த்துவிட்டு இலங்கைப் படங்களின் வரலாற்றை எழுதவே முடியாது.

லண்டனில் அட்டைகள் வெளியிட்ட ரஃபேல் டக் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கதைதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. 1866இல் தொடங்கிய கடை. 1893இல் விக்டோரியா அரசிக்குப் பொருள் வழங்கும் அங்கீகார ஆணையைப் பெற்றது. எண்ணெய் ஓவியம்போல் தோன்றும் ஆயிலெட் என்ற வரிசையை 1903இல் கொண்டுவந்தது. 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் அதன் தலைமையகம் எரிந்து, பதிவேடுகளும் மூல ஓவியங்களும் சாம்பலாயின. இன்று டக் என்ன வெளியிட்டது என்பதற்குச் சான்று, எங்கெங்கோ வீடுகளில் தங்கிவிட்ட அட்டைகளும் அவற்றில் அச்சிட்ட வரிசை எண்களும். சேகரிப்பாளர்கள் அந்தப் பட்டியலை எண் எண்ணாகத் திரும்பக் கட்டுகிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிகாகோவில் அஞ்சலட்டை அச்சிட்ட கர்ட் டைச் நிறுவனத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. 1898இல் தொடங்கி 1978இல் மூடிய அதன் ஆவணங்கள் நியூபெரி நூலகத்தில் பத்திரமாக உள்ளன. அதன் அட்டை எண்ணில் முதல் இலக்கத்துக்கு அடுத்து ஏ இருந்தால் 1930கள், பி இருந்தால் 1940கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு சொல் திருத்தம். அட்டையை வெளியிட்டவரைப் பதிப்பாளர் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அது புத்தகத்துக்குரிய சொல். படம் எடுத்தவர் ஒருவர், அச்சிட்டவர் வேறு நாட்டில் ஒருவர், விற்பனைக்கு விட்டவர் மூன்றாமவர் என்று ஒரே அட்டையில் மூன்று பேர் இருக்கக்கூடும். படப்பிடிப்பாளர், அச்சகத்தார், வெளியீட்டாளர் என்று பிரித்துக் குறித்து வையுங்கள். அட்டையில் எந்தப் பெயராவது இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். இன்னொரு பிரதி கிடைக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம்.