பத்துக் கெல்வின் குளிரில் நடக்கும் இரசாயனம்

மாரி மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் நிலாவெளிப் பக்கம் இரவு வானம் நன்றாகத் தெளியும். ஏழு மணியளவில் அண்ணாந்து பார்த்தால் ரோகிணி ஏறக்குறையத் தலைக்கு நேரே நிற்கும். அதிலிருந்து வடக்கே ஒன்பது பாகை தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில், பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியைத் தன் தூசியால் மறைத்தபடி, டிஎம்சி-1 என்ற மூலக்கூற்று முகில் அங்கே கிடக்கிறது.

அதன் வெப்பநிலை ஏறத்தாழ 10 கெல்வின், அதாவது மறை 263 பாகை செல்சியஸ். ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 10,000 ஐதரசன் மூலக்கூறுகள்தான் இருக்கும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே இடத்துக்குள் இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு. இந்தக் குளிரில், இவ்வளவு ஐதான வாயுவில் இரசாயனத் தாக்கம் எப்படி நடக்கும்? அதைத் தொடக்கிவைக்கும் ஏவற்சக்தி வேண்டுமே!

விடை அண்டக்கதிர்களில், அதாவது விண்வெளியில் மிக வேகமாகப் பாயும் மின்னேற்றத் துணிக்கைகளில் இருக்கிறது. கழியூதாக் கதிர் தூசியைத் தாண்டி உள்ளே வராது; அண்டக்கதிர் வரும். அது ஓர் ஐதரசன் மூலக்கூற்றில் மோதி இலத்திரனொன்றைக் கழற்றிவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு இப்படி அடிபடுவதற்குச் சராசரியாக 300 கோடி ஆண்டு வரை ஆகலாம். முகில் அவ்வளவு பெரிது என்பதால் அதுவே போதும். அடிபட்ட மூலக்கூறு இன்னோர் ஐதரசன் மூலக்கூற்றைச் சந்தித்ததும் மூன்று ஐதரசன் அணுக்கள் கொண்ட நேரயன் பிறக்கிறது. இந்த அயன் தன் புரோத்தனைக் கண்டவர்க்கெல்லாம் கொடுக்கும்: காபனோரொட்சைட்டுக்கு, நைதரசனுக்கு, ஒட்சிசன் அணுவுக்கு. அயனின் மின்னேற்றம் தானே மற்றதை இழுப்பதால் இத்தகைய தாக்கங்கள் பலவற்றுக்கு ஏவற்சக்தி தேவையில்லை. 1973இல் எரிக் ஹெர்ப்ஸ்டும் வில்லியம் கிளெம்பரரும் இந்த வழியை வைத்தே முகிலின் இரசாயனத்தைக் கணித்தார்கள்.

கணிக்கும் முறை கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போன்றதுதான். வருவதிலிருந்து போவதைக் கழித்தால் மட்டம் எப்படி மாறுகிறது என்று தெரியும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அப்படி ஒரு வகையீட்டுச் சமன்பாடு எழுத வேண்டும். வெப்பநிலை, அடர்த்தி, உள்ளே வரும் ஒளி, அண்டக்கதிரின் வீதம், தொடக்கத்தில் இருந்த அணுக்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் கணினி ஆண்டாண்டாக முன்னே நகரும். இத்தகைய தாக்கங்களைத் தொகுத்து வைக்கும் உமிஸ்ட் என்ற தரவுத்தளத்தின் 2012 பதிப்பில் மட்டும் 467 இரசாயன இனங்களும் 6173 தாக்கங்களும் இருந்தன. சில தாக்கங்கள் சில நாட்களில் முடிந்துவிடும், சிலவற்றுக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துத் தீர்ப்பதுதான் பெரிய சிரமம்.

சரி, விடை சரியா என்று எப்படித் தெரியும்? ரேடியோ தொலைநோக்கியால் பார்த்துத்தான். குளிர்ந்த ஐதரசன் மூலக்கூறு அங்கே ஒளி வீசாது. ஆகவே 2.6 மில்லிமீற்றரில் ஒலிபரப்பும் காபனோரொட்சைட்டை வைத்து வாயுவின் அளவையும், அமோனியாவை வைத்து வெப்பநிலையையும் அறிகிறார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒட்சிசன் பட்ட பாடு. முகில்களில் ஒட்சிசன் மூலக்கூறு தாராளமாக இருக்கும் என்று பழைய கணினி மாதிரிகள் சொல்லின. 1998இல் ஏவப்பட்ட சுவாஸ் செய்மதியும் அப்புறம் வந்த ஒடின் செய்மதியும் தேடிப் பார்த்தன. எதிர்பார்த்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மாதிரிகள் தூசியின் மேற்பரப்பைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. ஒட்சிசன் அணு குளிர்ந்த தூசித் துணிக்கையில் ஒட்டிக்கொள்கிறது, அங்கே ஐதரசனோடு சேர்ந்து நீர்ப்பனியாகிவிடுகிறது. வாயுவில் ஒட்சிசன் மூலக்கூறு உருவாக மூலப்பொருளே மிஞ்சுவதில்லை. இதைச் சேர்த்ததும் கணக்கும் அவதானமும் நெருங்கி வந்தன. முகிலை உள்ளபடி காட்டியது, கணக்கு தவறிய அந்த இடம்தான்.

அதனால் இன்று மாதிரிகளின் கவனம் பனிக்குத் திரும்பியிருக்கிறது. 20 கெல்வினுக்குக் கீழே காபனோரொட்சைட்டும் தூசியில் உறையும். அதன்மேல் ஐதரசன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, போமல்டிகைட்டும் பிறகு மெதனோலும் உருவாகின்றன. இங்கே ஏவற்சக்தித் தடை உண்டு. ஆனால் இலேசான ஐதரசன் அணு அதைத் தாண்டாமலே ஊடுருவிப் போகிறது, குவாண்டம் பௌதிகம் அதற்கு இடம்கொடுக்கிறது. சப்போரோவிலும் லைடனிலும் உள்ள ஆய்வுகூடங்களில், வெற்றிடக் கலத்துக்குள் 10 கெல்வின் பனிப்படலத்தின்மேல் ஐதரசன் அணுக்களைப் பாய்ச்சி இந்தத் தாக்கத்தைச் செய்து காட்டினார்கள். அங்கே அளக்கப்படும் வீதங்களே இப்போது டிஎம்சி-1க்கான சமன்பாடுகளுக்குள் போகின்றன.