அக்ரிலிக் என்றால் தண்ணீர் இல்லை

"அக்ரிலிக்தானே அண்ணா, தண்ணி பெயின்ட்தானே?" இந்த வருடம் என்னிடம் இப்படிக் கேட்கும் மூன்றாவது ஆள் அவர். மேஜைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில் வாட்டர்லூ போரை நடத்தப் பிரெஞ்சுக் காலாட்படை சேர்த்துக்கொண்டிருக்கிறார், 28 மி.மீ. பொம்மை வீரர்கள் 108 பேர். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காற்று வந்தால் பிரைமர் (வர்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சொரசொரப்பாகிவிடும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஸ்ப்ரே கேனால் முக்கால் மணி நேரம் அடித்திருக்கிறார். முகத்தில் ஒரு சர்ஜிக்கல் மாஸ்க். வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல், வாந்தி, அப்புறம் இரவு முழுக்க இருமலும் இளைப்பும். சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததை அவர் மனைவியிடம் சொன்னதே மருத்துவமனையில்தான். மறுநாள் வீடு திரும்பிவிட்டார் என்பதால் இதை நிதானமாக எழுத முடிகிறது.

18 வருடமாக மற்றவர்களின் பொம்மைப் படைகளுக்கு வர்ணம் தீட்டிக் கொடுப்பது என் தொழில். வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பில் முதல் அரைமணி நேரம் பிரஷ்ஷையே தொடவிடாமல் இந்த ஆபத்துகளைத்தான் பேசுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிப்பார்கள்.

அந்த "தண்ணி பெயின்ட்" நம்பிக்கையை முதலில் பார்த்துவிடலாம். அக்ரிலிக் என்பது பெயின்ட்டில் உள்ள பிசினின் பெயர். நிறத்தூளைப் பொம்மையோடு ஒட்டிவைக்கும் பொருள் அது, அவ்வளவுதான். அந்தப் பிசினை எதில் கலந்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது. நீங்கள் பிரஷ்ஷால் தீட்டும் சின்ன பாட்டிலில் அது தண்ணீரில் கலந்திருக்கலாம். ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை பாட்டில்களிலும் அக்ரிலிக் என்றுதான் இருக்கும். அவற்றில் இருப்பது ஆல்கஹால் வகைக் கரைப்பான். ஸ்ப்ரே கேனிலும் அக்ரிலிக் என்றே எழுதியிருக்கும். உள்ளே பெரும்பாலும் அசிட்டோன், சைலீன் போன்ற கரைப்பான்கள், தள்ளிவிடுவதற்கு பியூட்டேன், புரொப்பேன் போன்ற எரிவாயு. மூன்றிலும் ஒரே சொல். உள்ளே இருப்பதோ மூன்று விதம்.

இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "அக்ரிலிக்னு தெளிவா போட்டிருக்கே" என்று கேனைப் படமெடுத்து அனுப்புவார்கள். சரி, உங்கள் மேஜையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இதே நண்பர் இரண்டு மாதம் முன்பு லா ஹே சான்ட் பண்ணைவீட்டைத் தெர்மாகோலில் செய்தார். வாட்டர்லூ போர் நடந்த 1815 ஜூன் 18 அன்று, பிரெஞ்சுப் படையை எதிர்த்து மேஜர் பாரிங்கின் ஜெர்மன் வீரர்கள் கிட்டத்தட்ட நாள் முழுக்கக் காத்துநின்ற அதே வீடுதான். மதில், வைக்கோல் கொட்டகை, ஓட்டுக்கூரை எல்லாம் அளவெடுத்து வெட்டியிருந்தார். அதன்மேல் இதே கேனை அடித்தார். சுவர் குழி குழியாக உருகி, கூரை உள்ளே விழுந்துவிட்டது. எனக்கு அனுப்பிய படத்தின் கீழே "தெர்மாகோல் மட்டம்" என்று எழுதியிருந்தார். தெர்மாகோலில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் தெர்மாகோலைத் தின்னுமா? நாள் முழுக்க ஊறவைத்தாலும் அப்படியேதான் இருக்கும். அதைக் கரைத்தது கேனில் இருந்த கரைப்பான். அதே கரைப்பானைத்தான் இரண்டு மாதம் கழித்து, சாத்திய அறைக்குள் நின்று அவர் மூச்சில் இழுத்திருக்கிறார். பண்ணைவீடு இடிந்தபோதே அவர் என்னிடம் ஒரு வார்த்தை காரணம் கேட்டிருக்கலாம். நானும் அந்தப் படத்தைப் பார்த்ததும் அடிக்குமுன் தெர்மாகோல்மேல் பி.வி.ஏ. என்னும் வெள்ளைப் பசையைப் பூசச் சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

அடுத்தது மாஸ்க். சர்ஜிக்கல் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. பக்கவாட்டில் காற்று தாராளமாக உள்ளே போகும். என்95 ஒட்டும், தூசியையும் பெயின்ட் துளிகளையும் நிறுத்தும். ஆனால் கரைப்பானின் ஆவி அதற்குள் நேராகப் புகுந்துவிடும். ஆவிக்கு வேண்டியது கரித்தூள் அடைத்த கேட்ரிட்ஜ் உள்ள ரப்பர் மாஸ்க். அந்தக் கேட்ரிட்ஜைப் பயன்படுத்தாமல் மேஜைமேல் திறந்து வைத்திருந்தாலும் அது காற்றில் இருப்பதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். மாஸ்க் போட்டிருக்கும்போதே பெயின்ட் வாசனை வந்தால் அந்தக் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் சரியாகப் பொருந்தாது.

குளியலறையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். இருக்கிறது. நல்ல வேளையாக அன்று யாரும் வெந்நீர் போடவில்லை. கேனிலிருந்து வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தரையோடு தேங்கும். ஒரு சின்னச் சுடர் போதும். இதற்குமேல் இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எதற்காகக் கதவைச் சாத்துகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே ஈரக்காற்று இருந்தால் பிரைமர் வெளுத்துப் பூத்துவிடும். காற்று பலமாக வீசினால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல உட்காரும். ஒரு பொம்மையின் முகமே கடுகளவு. அதன்மேல் மணல் விழுந்தால் அழுகைதான் வரும். அந்த மாதிரி நாளில் கேனைத் தொடாதீர்கள். பிரஷ்ஷால் தடவும் தண்ணீர் வகைப் பிரைமர் இருக்கிறது. மெல்லிசாக இரண்டு கை. 36 பேர் கொண்ட ஒரு பட்டாலியனை ஒரு மாலையில் முடித்துவிடலாம், வார்ப்புக்கோடு (அச்சு சேரும் இடத்தில் பொம்மைமேல் விழும் கோடு) ராவாமல் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்றும் அப்போதே தெரிந்துவிடும். நல்ல நாளில் ஸ்ப்ரே அடித்தாலும் திறந்தவெளியில் அடியுங்கள். அடித்த கையோடு படுக்கையறை அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்து வாசனை அடங்கும்வரை வெளியிலேயே மூடிவைத்திருங்கள்.

ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் இதை எல்லாம் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். நிஜமான தண்ணீர் பெயின்ட்டாகவே இருந்தாலும் 0.3 மி.மீ. முனை வழியாகப் புகையாக வரும்போது நிறத்தூளும் பிசினும் நுரையீரல்வரை போகும். இங்கே என்95 உதவும், கட்டாயம் போடுங்கள். மேஜையில் வைக்கும் ஸ்ப்ரே பூத்தின் (பெயின்ட் புகையை ஃபேனால் இழுக்கும் பெட்டி) குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். வெறும் பஞ்சு ஃபில்டர் பெயின்ட் துளியைப் பிடிக்கும், ஆவியைத் திரும்ப உங்கள் முகத்துக்கே அனுப்பும்.

ஈயத்தை, அதாவது காரீயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரலாற்றுப் போர் விளையாட்டுக்காரர்கள் பழைய பொம்மைகளைத் தேடித் தேடி வாங்குவார்கள். லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்கூடாக வார்க்கத் தொடங்கிய பொம்மை வீரர்கள் 1966 வரை ஈயத்தில்தான் வந்தன. இன்று பலர் வெள்ளீயக் கலவைக்கு மாறிவிட்டாலும், ஈயம் கலந்து வார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயின்ட் பூசிய ஈய வீரனைக் கையில் எடுத்து விளையாடுவதில் பயமில்லை. உலோக ஈயம் தோல் வழியாக எளிதில் உள்ளே போகாது. அரத்தால் ராவும்போதும் ட்ரில் போடும்போதும் வரும் தூள்தான் ஆபத்து. போன வருடம் ஒருவர் சாப்பாட்டு மேஜையில், மோட்டார் கருவியால் 40 குதிரைவீரர்களின் அடித்தட்டை அரைத்துத் தள்ளினார். அந்த வீட்டில் தவழும் குழந்தை இருந்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாய்க்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு உறிஞ்சிக்கொள்வார்கள் என்றும் அது சொல்கிறது. "கொஞ்சூண்டு தூள்தானே" என்று அவர் சொன்னபோது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஈயத்தைக் கையால் ராவுங்கள், நனைத்து ராவுங்கள், தாள் விரித்து ராவுங்கள். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தாளோடு சேர்த்து மடித்துப் போட்டுவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பழைய பொம்மையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுவும் ஈயம்தான், உலர் பிரஷ்ஷால் தட்டாதீர்கள்.

பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்குவது பல நல்ல கலைஞர்களிடமும் இருக்கும் பழக்கம். அவர்கள் செய்வதைப் பார்த்துப் புதியவர்களும் செய்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூஜெர்சியில் கடிகார எண்களுக்கு ரேடியம் பெயின்ட் பூசிய பெண்களுக்கு இதே முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப்போன பிறகு அவர்களில் ஐந்து பேர் போட்ட வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. நம் பாட்டிலில் ரேடியம் இல்லை. ஆனால் சில சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும் சில நீலங்களில் கோபால்ட்டும் இருக்கின்றன. நச்சற்றது என்று லேபிளில் எழுதுபவர் நீங்கள் அதை நக்குவீர்கள் என்று நினைத்து எழுதவில்லை. ஈரமான டிஷ்யூவில் ஒரு சுழற்று சுழற்றினால் அதே கூர் வந்துவிடும்.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கட்டடங்களைத் தேய்க்கும்போது என்95 போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. தெர்மாகோலைச் சூட்டுக்கம்பியால் வெட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், புகை வந்தால் கம்பியின் சூட்டைக் குறையுங்கள். பாலியூரித்தேன் நுரையைச் சூட்டுக்கம்பி பக்கமே கொண்டுபோக வேண்டாம், அது கருகினால் சயனைடு வாயு வரும். விரலில் சூப்பர் க்ளூ ஒட்டினால் பஞ்சால் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

அந்த நண்பர் நேற்று பேசினார். 108 பேரில் 72 பேருக்கு இன்னும் பிரைமர் பாக்கி. கேனில் மீதி இருப்பதை மொட்டை மாடியில் அடித்து முடித்துவிடட்டுமா என்று கேட்டார். நுரையீரல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம் என்றேன். என்னிடம் இருந்த பிரஷ் பிரைமரில் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன்.