இரவு தங்காத ஊருக்குப் பக்கம் கிடையாது

"புத்தகத்திலேயே இல்லையே, அங்கே பார்க்க என்ன இருக்கப்போகிறது?"

பயணத் திட்டத்தில் புதுக்கோட்டையைச் சேர்க்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது இது. கையில் தடிமனான வழிகாட்டி நூல் இருக்கும். அதில் தஞ்சாவூர் உண்டு, மதுரை உண்டு, காரைக்குடியும் உண்டு. புதுக்கோட்டைக்கு நான்கு வரி கிடைத்தால் பெரிது.

அப்படிப்பட்ட நூல் ஒன்றின் மறுபதிப்புக்காகத் தமிழ்நாட்டுப் பகுதியைச் சரிபார்த்துக் கொடுத்தவன் என்பதால் உள்விவகாரம் கொஞ்சம் தெரியும். என்னிடம் முதலில் கேட்கப்பட்டது கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ அல்ல, "அங்கே எத்தனை விடுதிகளைப் பரிந்துரைக்கலாம்?" என்பதுதான். இந்த நூல்கள் இரவுக் கணக்கில் எழுதப்படுகின்றன. பயணி தூங்கும் ஊருக்கு வரைபடம், உணவகப் பட்டியல், தனி அத்தியாயம் எல்லாம் கிடைக்கும். பகலில் கடந்துபோகும் ஊர் பக்கத்து ஊரின் வாலில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். திருச்சியிலிருந்து 55 கிலோமீட்டர் என்ற வசதியே புதுக்கோட்டைக்கு வினையாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து செட்டிநாட்டுக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. திருமயம் கோட்டையைச் சன்னல் வழியாகப் படம் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி போய்விடுகிறார்கள். அப்படித் திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்தே பல ஆண்டுகள் ஊர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பிறகு பக்கக் கணக்கு. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். புதிய ஊர் நுழைய வேண்டுமானால் பழைய ஊர் ஒன்று இடம்விட வேண்டும். முந்தைய பதிப்பில் இருந்த ஊரை எடுத்தால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். இல்லாத ஊருக்காக யார் வரப்போகிறார்கள்? நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் பெட்டிச் செய்தியாகச் சுருங்கியது இப்படித்தான். யுனெஸ்கோ முத்திரை இருந்தால் பேச்சே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் அதை 1987-இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இலும் பெற்றுவிட்டன.

புதுக்கோட்டையின் பங்கும் இதில் உண்டு. பேருந்து நிலையத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. சித்தன்னவாசல், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, நார்த்தாமலை, கொடும்பாளூர் மூவர் கோயில் எல்லாமே ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு பக்கம். ஊருக்கு அரைநாள் ஒதுக்கி வரும் நூலாசிரியர் என்ன செய்வார், பாவம்!

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களிலும் பலர் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையோடு திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையில் தாமரைக் குளம்: மீன்கள், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சாயம் போன இடங்களைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதே மலையின் இன்னொரு பக்கம் ஏறினால் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுத் தலையணை வடித்திருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்-பிராமி எழுத்து. படுக்க இடமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஊரில், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய படுக்கை, தலையணையோடு!

அதற்காக நூலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதன் வரைபடத்தில் இரண்டு இரவுத் தங்கல்களுக்கு நடுவே ஒன்றுமே குறிக்கப்படாத பகுதியைத் தேடுங்கள். அந்தப் பக்கத்து ஓட்டுநரிடம் கேளுங்கள். புதுக்கோட்டைக்கு என்றால் திருச்சியிலோ காரைக்குடியிலோ தங்கிக்கொண்டு, ஒரு முழு நாளுக்கு வாடகைக் கார் பேசுங்கள். ஏழடிப்பட்டத்துக்கு வெயில் ஏறும் முன் போய்விடுவது நல்லது. உச்சிப்பொழுதில் பாறை சுடும். புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்வதானால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.