ஷெரி பீப்பாயில் மிதக்கும் ஆடை: காற்றுக்குக் கெடாத ஒயினின் வேதியியல்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், அட்லான்டிக் கடலோரத்துக் காதிஸ் மாகாணத்தில் விடுமுறையைக் கழித்துத் திரும்பிய வாசகர் ஒருவர், ஹெரேஸ் நகரத்து ஷெரி ஒயின் கிடங்கு ஒன்றில் தாம் கண்டதைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். உள்ளே இருப்பது தெரியும்படி முகப்பில் கண்ணாடி பொருத்திய பீப்பாய் ஒன்றை அங்கே காட்டினார்களாம். அது நிரம்பியிருக்கவில்லை. மேலே காற்று, அதன் கீழே ஒயினின் மீது, காய்ச்சி ஆறிய பாலில் படர்வதைப் போன்ற, சுருக்கம் விழுந்த வெளிர்நிற ஆடை. “காற்றுப் பட்டால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும் என்றுதானே படித்திருக்கிறோம்? வேண்டுமென்றே காற்றுக்கு இடம் விட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்களே, எப்படிக் கெடாமல் இருக்கிறது?” என்பது அவருடைய கேள்வி.

கெடாமல் இருப்பதற்குக் காரணம் அந்த ஆடைதான். அது உயிருள்ள ஈஸ்ட் செல்களால் ஆனது; ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனத்தைச் சேர்ந்தது. ஸ்பானியர்கள் அதை ஃப்ளோர் என்பார்கள்.

ஹெரேஸ், சான்லூக்கர் தெ பர்ரமேதா, எல் புவேர்தோ தெ சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்கள், அல்பரீசா எனப்படும் வெண்ணிறச் சுண்ணாம்பு மண்ணில் அமைந்தவை. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த நுண்ணுயிரிகளின் ஓடுகள் மிகுந்த இந்த மண், குளிர்காலத்து மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையே இல்லாத கோடையில் கொடியின் வேருக்குக் கொடுக்கிறது. அதில் விளையும் பாலோமீனோ திராட்சையைப் பிழிந்து நொதிக்க வைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனால் என்னும் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. சர்க்கரை தீர்ந்ததும் வேறு வகை ஒயின்களில் ஈஸ்டின் வேலை முடிந்துவிடும். அது அடியில் படிந்து மடியும். ஹெரேஸ் போன்ற சில இடங்களில் மட்டும் அது இரண்டாவது வாழ்வைத் தொடங்குகிறது.

ஃப்ளோ-11 என்னும் மரபணு ஈஸ்டின் செல்சுவரில் பதியும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. சுற்றிலும் குளுக்கோஸ் உள்ளவரை அந்த மரபணு அடங்கியே கிடக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் அது விழித்துக்கொள்ள, செல்லின் மேற்புறம் நீரை விலக்கும் தன்மையைப் பெறுகிறது. நீரை வெறுக்கும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துகளாகின்றன. அக்கொத்துகளுக்கிடையே கார்பன் டை ஆக்சைடின் நுண்குமிழ்கள் சிக்கிக்கொள்ள, குமிழ்களின் மிதப்பு விசை செல்களையும் மேலே தூக்கிச் செல்கிறது. பரப்பை அடைந்தபின் திரவத்தின் பரப்பு இழுவிசை அவற்றை மீண்டும் உள்ளே விடுவதில்லை. முதலில் தீவுகளாகத் தோன்றும் செல் கூட்டங்கள், சில வாரங்களில் ஒன்றுகூடிப் பரப்பு முழுவதையும் மூடிவிடுகின்றன. நீந்தும் உறுப்பு எதுவும் இல்லாத ஓர் ஒற்றைச் செல் உயிர், தன் மேற்சுவரை மாற்றிக்கொண்டே உணவிலிருந்து காற்றை நோக்கிப் பயணம் செய்கிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அங்கே சென்று அது செய்வது இன்னும் அழகானது. நொதித்தலின் கடைசிப் படியில் அசிட்டால்டிஹைடு என்னும் சேர்மம் எத்தனாலாக மாறுகிறது அல்லவா? காற்றைத் தொட்ட ஈஸ்ட் அந்தப் படியில் பின்னோக்கி நடக்கிறது. எத்தனாலை மீண்டும் அசிட்டால்டிஹைடாக்கி, அதிலிருந்து அசிட்டேட்டாக்கி, ஆக்சிஜனின் துணையோடு முழுவதுமாக எரித்து ஆற்றல் பெறுகிறது. தான் உண்டாக்கிய கழிவையே தனக்கு உணவாக்கிக்கொள்ளும் இந்தச் சுவாசத்துக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். எனவே மேலிருந்து வரும் ஆக்சிஜனை ஆடையே குடித்துவிடுகிறது. அடியிலுள்ள ஒயினுக்கு அது எட்டுவதில்லை. ஆடை வெறும் மூடியாக இருந்து காப்பதாக நினைப்பது தவறு. அது உயிரோடு மூச்சுவிடுவதால்தான் காக்கிறது. இறந்த ஆடையால் பயனில்லை.

காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தையும் இந்த ஈஸ்ட் உணவாகக் கொள்கிறது. ஒயினுக்கு வழுவழுப்பையும் மெல்லிய இனிப்பையும் தரும் கிளிசராலையும் விட்டுவைப்பதில்லை. லிட்டருக்குச் சில கிராம் இருந்தது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. எரியாமல் மிஞ்சிய அசிட்டால்டிஹைடு ஒயினுக்குள் கசிந்து இறங்குகிறது. இப்படி முதிரும் ஃபினோ வகை ஷெரியின் வெளிர் நிறமும், நாக்கை உலர்த்தும் சுவையும், மூக்கைத் துளைக்கும் மணமும் ஆடையின் இந்தச் செயல்களின் விளைவு.

இதற்கெல்லாம் ஆல்கஹாலின் அளவு சரியாக அமைய வேண்டும். நொதித்து முடிந்த ஒயினில் திராட்சைச் சாராயம் கலந்து 15 சதவீதத்துக்கு உயர்த்துகிறார்கள். அந்த அளவில் காடி உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒடுங்கிவிட, ஃப்ளோர் தாக்குப்பிடிக்கிறது. 17 சதவீதத்துக்கு ஏற்றினால் ஃப்ளோரும் மடியும். காற்றோடு நேரடியாக வினைபுரிந்து கருமை ஏறிய ஒலொரோசோ என்னும் ஷெரி வகை கிடைக்கும். நுண்ணுயிரியல் பிறப்பதற்கு முன்பு, ஒரே தோட்டத்து ஒயின் ஒரு பீப்பாயில் வெளிறியும் அடுத்த பீப்பாயில் கறுத்தும் போவதைக் கண்ட கிடங்குக்காரர்கள், அதை அந்தந்தப் பீப்பாயின் புதிரான குணம் என்றே கருதினார்கள். ஆனாலும் அவர்கள் புதிரை வணங்கிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பீப்பாயையும் முகர்ந்து, சுவைத்து, சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு வகை பிரித்தார்கள். காரணம் தெரியாத இடத்தில் மூடநம்பிக்கைக்கும் கவனமான அனுபவ அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்று நான் கருதுகிறேன்.

ஆண்டுக்கணக்கில் ஒரே ஒயினின் மீது ஆடை வாழ முடியாது, சத்துகள் தீர்ந்துவிடும். இதற்கான தீர்வுதான் சொலேரா முறை. தரையை ஒட்டிய வரிசையில் முதிர்ந்த ஒயினும், அடுத்தடுத்த மேல் அடுக்குகளில் இளைய ஒயினும் இருப்பதாகக் கொள்ளலாம். கீழ்வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து விற்பார்கள். குறைந்ததை மேலடுக்கிலிருந்து நிரப்புவார்கள். உச்சியில் புதிய ஒயின் சேரும். 4 அடுக்குகளில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்தால், ஒவ்வோர் அடுக்கிலும் ஒயின் சராசரியாக 3 ஆண்டுகள் தங்கும். வெளியே வருவதன் சராசரி வயது 12 ஆண்டுகள். இதனால் சுவை ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருக்கிறது என்பது வணிகரின் கணக்கு. ஈஸ்டின் கணக்கில், ஒவ்வொரு முறையும் வந்து சேரும் இளைய ஒயின் அதற்கான புதிய உணவு. ஆடை கிழியாதிருக்க, துளையிட்ட குழாயை அதன் அடியில் செலுத்தி மெதுவாக ஊற்றுகிறார்கள். சுவை பார்க்க ஒயினை எடுக்கும் வெனென்சியா என்ற கருவியும் அதற்கேற்றதுதான்: வளையும் நீண்ட தண்டின் நுனியில் குறுகிய உருளைக் கிண்ணம், நேர்க்குத்தாக இறக்கினால் ஆடையில் சிறு துளை மட்டும் விழும்.

கடலுக்கும் இதில் பங்குண்டு. ஃப்ளோருக்கு மிதமான வெப்பமும் ஈரப்பதமும் தேவை. பொனியென்தே எனப்படும் மேற்குக் காற்று அட்லான்டிக்கின் ஈரத்தைக் கொண்டுவருகிறது. அதைப் பிடிக்கவே கிடங்குகளை உயரமாகக் கட்டி, சன்னல்களைக் கூரைக்கு அருகே வைத்து, மண்தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். உள்நாட்டிலுள்ள ஹெரேஸில் கோடையிலும் குளிர்காலத்திலும் ஆடை மெலிகிறது. குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்குமிடத்திலுள்ள சான்லூக்கரில் ஆண்டு முழுவதும் தடித்து நிற்கிறது. அங்கே முதிரும் மன்சனீயா வகை ஷெரிக்கு அதனால்தான் தனிப்பெயர்.

செவிய்யா நகர ஆய்வாளர்கள் 2006இல் ஃப்ளோர் ஈஸ்டின் ஃப்ளோ-11 மரபணுவை ஆராய்ந்தபோது, அதை இயக்கும் பகுதியில் 111 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அதனால் அந்த மரபணு பன்மடங்கு வேகமாக இயங்குவதையும் கண்டறிந்தார்கள். மதுக்கிடங்கில் மிதக்கும் ஆடைக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மருத்துவமனையில் நோயாளியின் உடலில் செருகும் குழாய்களின் மீது காண்டிடா பூஞ்சை படலமாகப் படிந்து மருந்துக்கு அடங்காமல் நிற்பதும், இதைப் போன்ற ஒட்டுப்புரதங்களால்தான். உடனடிப் பயன் எழுதிக் கொடுத்தால்தான் நிதி என்னும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புட்டியில் அடைக்கும்போது ஆடையை வடிகட்டி நீக்கிவிடுவதால், ஃபினோவும் மன்சனீயாவும் தங்கள் காவலை இழந்தே நம்மிடம் வருகின்றன. திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. சில கிடங்குகள் ஃப்ளோர் செழித்திருக்கும் வசந்த காலத்தில், பெயரளவுக்கு மட்டும் வடிகட்டி ஒரு பகுதியைத் தனியாக அடைக்கின்றன. புட்டியின் மீது ‘என் ராமா’ (en rama) என்ற ஸ்பானியச் சொல்லைக் குறித்திருக்கும். பீப்பாயிலிருந்து நேரே எடுத்ததற்கு மிக நெருக்கமான சுவையை வெளியூரில் இருப்பவர் பெறுவதற்கு அதைவிட வேறு வழியில்லை.