அருள் வந்தால் ஆடுவது யார்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். மாரியம்மன் நோம்பியில் அவருடைய அத்தைக்கு அருள் வருமாம். ஆடி முடித்ததும், "நான் எங்கே ஆடினேன், அவதான் ஆடினா" என்பாராம். அத்தை பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் ஆடியது யார்?

இதை நடிப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 'நான்தான் செய்தேன்' என்ற உணர்வே எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

மூளை கட்டளையிடுகிறது, நரம்பு வழியே அது தசைக்குப் போகிறது, கை அசைகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பாடத்தில் வராதது, அந்தக் கட்டளைக்கு ஒரு நகல் உண்டு என்பது. கை அசைவதற்குள்ளேயே மூளை அந்த நகலை வைத்து, தோலிலும் மூட்டிலும் அடுத்து என்ன உணர்வு வரும் என்று கணித்துவிடுகிறது. சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு. வந்து சேரும் உணர்வு கணிப்போடு பொருந்தினால் அது என் செயல், பொருந்தாவிட்டால் வேறு யாரோ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் இமையோரத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், உலகமே ஆடும். அதே கண்ணை நீங்களாக உருட்டினால் ஆடாது, ஏனென்றால் அப்போது மூளையிடம் நகல் இருக்கிறது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். 1998இல் லண்டனில் மூளை ஆய்வாளர்களான சாரா ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் மூவரும் இதை மூளைப் படம் எடுத்தே காட்டினார்கள். அப்புறம் நடுவில் ஒரு ரோபோவை வைத்தார்கள். நீங்கள் ஒரு கையை அசைத்தால் ரோபோ உங்கள் மறு உள்ளங்கையை வருடும், ஆனால் பத்தில் ஒரு வினாடி, பத்தில் இரண்டு வினாடி என்று தாமதித்து. தாமதம் கூடக்கூடக் கூச்சமும் கூடியது! சொந்தக் கை அந்நியக் கையாக மாற அவ்வளவு நேரம் போதும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, அத்தைக்கு வருவோம். 2003இல் பிளேக்மோரும் கூட்டாளிகளும் அறிதுயிலில் (ஹிப்னாசிஸ்) ஆழ்ந்தவர்களிடம், "உங்கள் கையைக் கப்பி தூக்குகிறது" என்றார்கள். கை உயர்ந்தது. தூக்கியது அவர்களேதான், ஆனால் அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தானே தூக்குவதாக உணர்ந்தபோது இருந்ததைவிட அப்போது சிறுமூளையும் பெருமூளையின் பக்கமடலில் (parietal lobe) ஒரு பகுதியும் கூடுதலாக இயங்கின, அதாவது வேறு யாரோ கையைத் தூக்கிவிட்டால் எப்படியோ அப்படி. அருள் வரும்போதும் இதைப் போன்ற ஒன்றுதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காலியான 'நான்' இடத்தில் யார் உட்காருவது என்பதை ஊர் முடிவு செய்கிறது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பகவதி கோயிலான காவில், அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு செம்பட்டும் சிலம்பும் வாளுமாக மலையாளத்தில் வாக்குச் சொல்வார். பக்கத்திலேயே மாரியம்மன் உடுக்கைச் சத்தத்துக்கு, வேப்பிலையோடு, தமிழில் பேசுவாள். தன்னை மறப்பதைக்கூடச் சுற்றியிருப்பவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறோம்.

ஆனால் நோம்பி முடிந்தும் குரல் நிற்காதவர்கள் இருக்கிறார்கள். 2000இல் வந்த ஆய்வு ஒன்றில், யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தன் கை வருடுவதும் பிறர் கை வருடுவதும் ஒன்றுபோலவே இருந்தது. பேய் அல்ல, கணிப்பில் வந்த கோளாறு. இவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டுத்தான் 2001இல் ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநோயாளிகளின் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேரைப் பறிகொடுத்தோம். இன்று அதே ஊர் தர்காவில் துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கொடுக்கிறார்கள். எல்லையோரக் கோயில்களிலும் ஒரு மனநல மருத்துவரை உட்கார வைக்க இரண்டு மாநில அரசுகளும் பணம் ஒதுக்க வேண்டும், பூசாரிகளும் பக்கத்தில் இருக்கட்டும்.