நூற்றொரு நிபுணர்களும் ஒரே பரிசோதனைத் தாளும்

தட்டம்மைத் தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்கும் என்று தமக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைக் குறிப்பிட்டு, பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நிப்பா பரவியபோது கொசுதான் காரணம் என்றவர்களும் நிபுணர்கள்தாமே? இதில் மட்டும் அவர்களை ஏன் நம்ப வேண்டும்?"

1998-இல் மலேசியாவின் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் கண்ட, பின்னால் நிப்பா என்று பெயர்பெற்ற மூளைக் காய்ச்சலை ஜப்பானிய மூளை அழற்சி என்று கருதியதில் முட்டாள்தனம் ஏதுமில்லை. அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகும், கொசு அதை மனிதரிடம் சேர்க்கும். சில நோயாளிகளின் இரத்தத்தில், அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் தென்பட்டது. தடுப்பூசி போட்டார்கள், புகையடித்தார்கள். நோயோ நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை சென்றது.

பலர் ஒன்றுபட்டுச் சொல்வதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 1785-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்செ கணக்காகவே காட்டினார். பத்தில் ஆறு முறை சரியாகச் சொல்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போன்ற 11 பேரைத் தனித்தனியாகக் கேட்டுப் பெரும்பான்மையை எடுத்தால், அது சரியாயிருக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு; 101 பேரைக் கேட்டால் ஏறக்குறைய 98. இவர்களில் எவரும் முன்னைவிடக் கெட்டிக்காரராகிவிடவில்லை. ஒருவர் சறுக்கும் இடத்தில் இன்னொருவர் சறுக்காததால், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது. ஆனால் அதன் உயிர் "தனித்தனியாக" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த 101 பேரும் ஒரே பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு வந்து பேசினால், 98 மறுபடியும் 60-க்கே இறங்கிவிடும்.

அன்று நடந்தது ஏறக்குறைய அதுதான். முதல் விடைக்குப் பொருந்தாதவை கண்முன்னே கிடந்தன: ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும், இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள்; தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்; பன்றிகளே குரைப்பதுபோல் இருமின. கொசு தொழில் கேட்டுக் கடிப்பதில்லை.

1999 மார்ச்சில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் மூளைத் தண்டுவட நீரைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் விட்டு வளர்த்தார். சில நாளில் அச்செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் ஒரே பைக்குள் மிதக்கும் பெருஞ்செல்களாகிக் கிடப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அது தட்டம்மை வைரஸின் உறவினர் செய்யும் வேலை. கொலராடோவில் மின்னணு நுண்ணோக்கியும், அட்லாண்டாவில் எதிர்ப்பொருள் சோதனையும் வெவ்வேறு வழியில் அதையே சொல்லின. பின்னாளில் தியோமான் தீவுப் பழந்தின்னி வௌவாலின் சிறுநீரிலும் நிப்பா வைரஸ் பிடிபட்டது. மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். இத்தகைய ஆய்வகங்களுக்கு நோயில்லாத ஆண்டுகளிலும் நிதி குறையக்கூடாது என்பது என் கட்சி.

இனி வாசகரின் தடுப்பூசிக்கு வருவோம். டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணவில்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் அந்த முத்தடுப்பூசியையே ஜப்பான் 1993-இல் நிறுத்திவிட்டது. யோக்கொஹாமாவில் ஆட்டிசம் கண்டறியப்படுவது அதன் பிறகும் ஏறிக்கொண்டேயிருந்தது. இவை ஒரே தாளைப் பார்த்து எழுதியவை அல்ல. வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரை டாக்டர் சுவாவின் பக்கத்தில் உட்கார வைப்பதற்கு முன், அவர் எதை வளர்த்துப் பார்த்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.