ஓசிடி: எண்ணமா, செயலா?

ஓசிடி என்பது அப்செசிவ் கம்பல்சிவ் டிஸ்ஆர்டர் என்பதன் சுருக்கம். வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து மொய்க்கும் எண்ணம் அப்செஷன். செய்தே தீரவேண்டும் என்று ஒருவரைப் படுத்தும் செயல் கம்பல்ஷன். இவை அன்றாட வாழ்க்கையைத் தின்னத் தொடங்கினால்தான் நோய். சுத்தம் பார்ப்பவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுவது தவறு.

அப்செஷனின் வேர் லத்தீன். முற்றுகையிட்டு எதிரே உட்காருவது என்று பொருள். பேய் வெளியே நின்று ஒருவரை வதைப்பதையும் அச்சொல் ஒருகாலத்தில் குறித்தது. மலையாளத்தில் இதற்கு ‘ஒழியாபாத’ என்பார்கள், விட்டு நீங்காத பீடை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது சட்டென்று விளங்கும். கம்பல்ஷன் என்றால் உந்தித் தள்ளுவது. 1877இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் விளக்கிய ‘கட்டாய எண்ணம்’ பிரிட்டனில் அப்செஷன் என்றும் அமெரிக்காவில் கம்பல்ஷன் என்றும் பெயர்க்கப்பட்டு, பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டன.

தமிழில் பரவலாக வழங்குவது ‘எண்ணச் சுழற்சி நோய்’. சொல்ல எளிது. ஆனால் குழந்தைகளிடம் அது பொருந்தாமல் போகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறுவன் என்று வையுங்கள். கதவுக் கொண்டியில் வலது கை பட்டால் இடது கையும் படவேண்டும்; தொட்டது ‘சரியாக’ இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. பள்ளி வேன் வாசலில் ஹார்ன் அடிக்கும். ஏன் செய்கிறான் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. ‘அது அவனுக்க சீலம்’, அதாவது பழக்கம், என்று பாட்டி விட்டுவிடுவார். எண்ணம் யார் கண்ணிலும் படாது, செயல் மட்டும்தான் தெரியும்.

இந்நோய் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் தலைகாட்டுகிறது: 10 வயதையொட்டி, அப்புறம் 20ஐ ஒட்டி. சிறுவயதில் தொடங்குவது ஆண் பிள்ளைகளிடம் அதிகம். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற வலிப்பல்லாத துடிப்புகளும் கூடவே வரலாம், குடும்பத்தில் வேறொருவருக்கும் இருக்கலாம். பேறுகாலத்தை ஒட்டித் தொடங்கும்போது நிலைமை தலைகீழ், செயலைவிட எண்ணமே முன்னால் நிற்கும். குழந்தைக்கு நானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் தாயை அரிக்கும், வெளியே சொல்லக் கூசுவார். 35க்குமேல் புதிதாகத் தொடங்குவது அரிது. 50க்குமேல் என்றால் மூளை, நரம்புக் கோளாறு உண்டா என்று பார்க்கவேண்டும்.

அதனால் ‘எண்ண, செயல் கட்டாய நோய்’ என்பதே என் தேர்வு. சற்று நீளம்தான், ஆனால் இரண்டு பாதியும் அதில் இருக்கின்றன. பிள்ளையிடம் ‘என்ன நினைக்கிறாய்?’ என்று துருவுவதைவிட, ‘அதைச் செய்யாட்டா எப்படி இருக்கு மக்களே?’ என்று கேளுங்கள். அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.